நாக்குக் கணக்கு

வார்டோ நூலகத்தில் புதன்கிழமை நாலு மணிக்கு
யார் வேண்டுமானாலும் என் மேசை முன் உட்காரலாம்.
கட்டணமில்லை. காபி சுமார்தான்.

தூர்குன் கோட்டைக் கழற்றவில்லை.
அடிபட்ட பூனையை வைத்தியரிடம் நீட்டுவதுபோல
மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.
மீன்கூடத்தில் காட் மீனின் நாக்கை அறுத்துப்
பிள்ளைகள் சேர்க்கும் காசுக்கு அவர்தான் கணக்கு.
பதினோரு பிள்ளைகள். ஒரு குளிர்காலம்.
மொத்தம், நாற்பத்தையாயிரத்து முந்நூற்று அறுபத்திரண்டு கிலோ.

"இந்தக் கடலிலேயே அத்தனை நாக்கு கிடையாது.
மூன்று நாளாய்த் தூக்கமில்லை."

திரையை விடுங்கள்.
உங்கள் கைக்குத் தெரிந்த எண் ஒன்றைச் சொல்லுங்கள்.
"இங்கெபோர்க், போன வாரம், பன்னிரண்டரை.
வாளியை நானே தூக்கினேன்."

அவள் கட்டத்தில் வேலி போட்டிருந்தது: #####
பயப்படாதீர்கள், அது வெறும் இடநெருக்கடி.
பத்தியை இழுத்து அகலமாக்கினோம்.
உள்ளே உட்கார்ந்திருந்தது மே பன்னிரண்டு.

காற்புள்ளிக்குப் பதில் ஒரு புள்ளி.
இந்த ஊர்க் கணினிக்குப் புள்ளி என்றால் தேதி.
தேதியின் வயிற்றில்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்திலிருந்து எண்ணிவைத்த நாட்கள்.
அத்தனையையும் நிறுத்துக் கிலோவாக்கியிருக்கிறது,
சொன்னதைச் செய்யும் ஜென்மம்.

திருத்தினோம். முந்நூற்றுப் பதினாறரை.
தூர்குன் சிரித்தார். காபியைத் தொட்டார்.

நான் மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தேன்.
எண்கள் வலது சுவரில் சாய்ந்து நிற்கும்,
அது அவற்றின் சுபாவம்.
அஸ்லாக்கின் வரிசையில் மூன்று மட்டும்
இடது சுவரில் ஒட்டிக்கொண்டு:
9 கிலோ
7 கிலோ
11 கிலோ

"தெளிவாய் இருக்கட்டுமே என்று நான்தான்…"
அக்கறையாக அலகையும் எழுதியிருக்கிறார்.
அது சேர்ந்ததும் எண் எழுத்தாகிவிட்டது.
கூட்டல் எழுத்தை ஏறிட்டும் பார்க்காது.

முதல் பிழை ஊரே கேட்கக் கத்தியது,
யாரும் ஏமாறவில்லை.
இது டிசம்பரிலிருந்து வாய் திறக்கவில்லை.

தூர்குன் கோப்பையை வைத்தார்.
"குறைகிறதே என்று அவன் கேட்டான்.
கணினி நாக்குத் தவறாது என்றேன்."

எழுத்தை அழிக்க அழிக்க
ஒவ்வொன்றாய் வலப்பக்கம் போய்ச் சேர்ந்தன.
இருபத்தேழு கிலோ கூடியது.
நிமிர்ந்தபோது நாற்காலி காலி.
கோட்டு ஏற்கெனவே போட்டபடிதானே இருந்தது.
கண்ணாடிக்கு வெளியே, வழுக்கும் தெருவில்
அஸ்லாக் வீட்டுப் பக்கமாக ஓட்டமும் நடையும்.

கோப்பைச் சேமித்தேன்.

அடுத்தவர் உட்கார்ந்தார். படகு டீசல் கணக்கு.
என்ன தப்பு வருகிறது என்றேன்.
"ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாய் வருகிறது," என்றார்,
"அதனால்தான் வந்தேன்."