பூபாலன் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தது

விசா வந்துவிட்டது, அண்ணே.
பிறந்த ஊர் கிளென்கோ, பார்க்கப் போகும் ஊர் கிளென்கோ.
விண்ணப்பத்தைப் படித்த டர்பன் பெண்
இரண்டு தடவை போன் செய்தாள்:
"மாற்றி எழுதிவிட்டீர்களா மேடம்?"
இல்லையம்மா, நேட்டாலில் ஒன்று இருக்கிறது,
டண்டீக்குப் பக்கத்தில் என்றேன்.
"டண்டீயும் ஸ்காட்லாந்துதானே?"
அரை மணி நேரம் போயிற்று.

நான் போனதில்லை. உங்களுக்கே தெரியும்.
விக்டோரியா தெருவில், இந்த மேசைக்குப் பின்னால்
பதினேழு வருஷம்.
போய் வந்தவர்கள் சொன்ன குறைகளில் பொறுக்கியதுதான் இவ்வளவும்.
குறை சொல்கிறவர்களே நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்.

செப்டம்பர் மலிவு என்றீர்கள். வேண்டாம்.
பாதியில் புரட்டாசி பிறக்கும்.
ஆட்டு இரைப்பைக்குள் எதையோ அடைத்து வேகவைத்து
பைப் ஊதி மேசைக்குக் கொண்டுவரும் ஊரில்
அக்கா விரதத்தோடு என்ன செய்வார்?
ஜூலையும் வேண்டாம். கடுகளவு பூச்சிகள்,
கொசுவுக்குத் தங்கை, கடிக்கும்போது அக்கா.
மே மாதம் போங்கள்.
இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும்.
விளக்கேற்ற இருட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்,
கடிகாரத்தைப் பார்த்து ஏற்றச் சொல்லுங்கள்.

குடை எடுக்காதீர்கள்.
மழை அங்கே மேலிருந்து விழாது, பக்கத்திலிருந்து வரும்.
பில்டாங்கைச் சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.
மாங்காய் ஊறுகாய் போகும், மூடிக்கு டேப் ஒட்டி, இரண்டு பைக்குள்.
மின்வெட்டு இல்லை. டார்ச் வேண்டாம் என்றால்
அக்கா கேட்கமாட்டார். வைத்தால் வைக்கட்டும்.
முக்கியமானது:
பவுண்டை ரேண்டில் பெருக்காதீர்கள்.
பெருக்கினால் தேநீர் தொண்டையில் இறங்காது.

இன்னொன்று. இது குறிப்பு இல்லை.
வீட்டு ஏக்கம் பிடித்த ஒருவன் தன் ஊர்ப் பெயரைக் கொண்டுவந்து
இந்தக் கரிமண்ணில் நட்டுவிட்டுப் போனான்.
நம் ஆட்கள் அதே கரியை வெட்டினார்கள்.
அவர்களுக்கும் ஏக்கம் இருந்திருக்கும்.
ஒரு சந்துக்குக்கூட ஆற்காடு என்று பெயரில்லை.
அங்கே யாராவது எந்த ஊர் என்று கேட்டால்
கிளென்கோ என்று மட்டும் சொல்லுங்கள்.
மேலே விளக்காதீர்கள்.
கொஞ்ச நேரம் அவர்கள் யோசிக்கட்டும்.

இப்போது ரயில்.
கிளாஸ்கோவிலிருந்து வடக்கே போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள்,
ஏரிகள் அந்தப் பக்கம்.
ஆனால் அந்தக் கிளென்கோவுக்குத் தண்டவாளம் கிடையாது, அண்ணே.
பஸ்தான். சிக்னல் கம்பத்தைத் தேடாதீர்கள்.
மலை இருக்கும், மேகம் இருக்கும்,
ஜங்ஷன் நம்முடையது.

அதனால் கேட்காமல் ஒன்று செய்தேன்.
வழியில் ஒரு நிலையம் வருகிறது.
எழுத்துக்கூட்டினால் கொரூர்,
கும்பகோணத்துக்குப் பக்கம் என்றால் நம்பலாம்.
ஊர் இல்லை. கார் போகும் ரோடு இல்லை.
சதுப்பு நிலம், மான், ஒரு நடைமேடை.
பழைய சிக்னல் அறையைத் தங்கும் அறையாக்கியிருக்கிறார்கள்.
ஒரு ராத்திரிக்குப் போட்டிருக்கிறேன்.
பணம் கட்டியாயிற்று, திட்டாதீர்கள்.

ஒன்பது மணிவாக்கில் லண்டன் வண்டி வரும்.
முப்பத்தொரு வருஷப் பழக்கம்,
கை லீவரைத் தேடும்.
படுத்தே இருங்கள்.
அது தானாகப் போகும்.