முன்பின்

பத்தொன்பதாம் நாள். ப்ர்னோவில் பனி,
கடைசி டிராமும் போய்விட்டது.
ஸ்டிஸ்லாவா இன்னும் அதே கெர்னலில்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை விழும்.
என்னவென்று பார்க்க ஒரு பிரிண்ட் சேர்த்தால்
விழாது.
ஆளரவம் கேட்டு வாயடைக்கும் சில்வண்டு.
எடுத்தால் மறுபடி.

பொஹுமில் மெமரியை மாற்றினான், மெஷினையே மாற்றினான்,
பிறகு வீட்டுக்குப் போனான்.

கம்பைலர் கக்கிய அசெம்பிளியில்
விரல் வைத்துப் போகிறாள்.
நானூற்றுப் பன்னிரண்டில் விரல் நிற்கிறது:
பூட்டைத் திறந்துவிட்டு
அப்புறம் எழுதுகிறது.
அவள் எழுதியது அப்படியல்ல.
முன்பின் ஆனாலென்ன, விடை ஒன்றுதானே என்று
மாற்றி வைத்திருக்கிறது,
உலகில் தான் மட்டுமே இருப்பதாக நினைத்து.

இடையில் ஒரு தடை. ஒரே வரி.

விடிய விடிய ஓடுகிறது.
விழவில்லை.
காலையில் பொஹுமில் கைகுலுக்க வருகிறான்.
கையைக் கொடுக்காமல்
முதலிலிருந்து மறுபடி ஓட்டுகிறாள்.