நாற்பத்தொரு நிமிடம்

வூச் நகரில், நான்காம் மாடியில்,
பன்னிரண்டு ஆண்டுகளாக
வீடியோ கேம்களுக்கு மதிப்பெண் போடுகிறேன்.
ஏழு நல்ல எண்.
யாருக்கும் வலிக்காது.

பெரிய நிறுவனங்களின் பெட்டிகளில்
கம்பளிச் சட்டை வரும், மேசை விளக்கு வரும்,
ஒருமுறை வாள்கூட வந்தது, பிளாஸ்டிக்.
அந்த விளக்கடியில்தான் எழுதுகிறேன்.
வெளிச்சத்துக்குக் கட்சி கிடையாது
என்று சொல்லிக்கொள்வேன்.

போக்னாவின் கேம் பெட்டியில்லாமல் வந்தது.
ஒரு வரிசை. அவ்வளவுதான்.
பனியில், மூடிய சன்னலுக்கு முன்னால்
நூற்றுப் பதினான்கு பேர்.
ஓட முடியாது. சுட முடியாது.
உன் இடத்தை யாருக்காவது கொடுக்கலாம்.
கொடுத்தால்
கடைசிக்குப் போக வேண்டும்.

கொஞ்ச நேரம் நின்றேன்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
'துணிச்சலான யோசனை,
ஆனால் எதுவும் நடப்பதில்லை' என்று எழுதினேன்.
ஏழு.

எல்ப்லோங்கிலிருந்து லுட்மிவா என்றொருத்தி
ஒரே வரி அனுப்பியிருந்தாள்:
'சன்னல் திறந்தபோது
உங்களுக்கு உள்ளே யார் இருந்தார்கள்?'

சன்னல் திறக்குமா?

அன்றிரவு மறுபடி போய் நின்றேன்.
மூன்றாம் மணியில் முன்னால் நின்றவர்
தன் காலுறையின் ஓட்டையைப் பற்றிப் பேசினார்.
ஆறாம் மணியில்
தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றியவளுக்கு
என் இடத்தைக் கொடுத்தேன்.
யோசித்துக் கொடுக்கவில்லை, விரல் கொடுத்துவிட்டது.
கடைசியிலிருந்து பார்த்தால்
அத்தனை முதுகுகளும் வேறு மாதிரி.
விடிந்து, கீழே முதல் டிராம் திரும்பும் ஓசையில்
சன்னல் திறந்தது.
உள்ளே யார் என்று சொல்ல மாட்டேன்.
அது நின்றவர்களுக்கு.

போக்னாவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன்.
பதில் வந்தது:
'தெரியும். நீங்கள் நின்றது நாற்பத்தொரு நிமிடம்.
விமர்சகர்களின் பிரதிகள் எனக்குக் கணக்குச் சொல்லும்.
எழுதிய ஒன்பது பேரில்
நீங்கள்தான் அதிக நேரம்.'

அதை இருமுறை படித்தேன்.
திட்டியிருக்கலாம்.

ஏழை அழித்துவிட்டேன்.
இனி விமர்சனத்தின் தலையில் மூன்று வரி:
எத்தனை மணி நேரம் ஆடினேன்,
யார் காசில் ஆடினேன்,
எதைப் பார்க்காமல் விட்டேன்.
விளக்கைப் பற்றியும் எழுதினேன்.
சிலர் பாராட்டினார்கள்.
ஒருவர் மட்டும் கேட்டார்:
'அப்படியானால் பழைய இருநூற்றுப் பன்னிரண்டு?'

பழைய கோப்பைத் திறந்தேன்.
முதலாவது ஒரு கார்ப் பந்தயம்.
ஏழு.
அந்தக் காரை
எவ்வளவு தூரம் ஓட்டினேன்?
நினைவில்லை.