ஆறு கிலோவிலிருந்து ஆள்

முன் சீற்றில் சொதிக் கிடாரத்தை வைத்ததுமே
கெப்புக்குத் தெரிந்துவிடும்
யாரோ ஏறியிருக்கிறார் என்று.
டிங்.
வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட டிங் டிங்.
டூப்ளிகேஷன் வீதியைப் பிடிக்குமுன்
மூச்சுவிடாத டிங்டிங்டிங்டிங்,
கடன்காரன் கேற்றைத் தட்டுகிற மாதிரி.

பின்பெட்டியில் வைக்கலாம்தான்.
வைத்தேன் ஒருநாள்.
தெஹிவளை மேம்பாலத்தால் இறங்கையில்
நாற்பது பேருக்கான தேங்காய்ப்பால்
தறப்பாளின் மடிப்பில் குளமாய் நின்றது.
அன்றிலிருந்து சொதிக்கு முன் சீற்,
சோறும் கறியும் பின்னால்.

ஓடர் இல்லாத ஒரு ஞாயிறு
தராசும் கையுமாகப் போய்ச் சோதித்தேன்.
இரண்டு கிலோ பருப்பு: பேச்சில்லை.
நாலு கிலோ சீனி: பேச்சில்லை.
பூசணிக்காய், ஆறு கிலோ இருநூறு:
டிங்.
ஆக, ஆறு கிலோவிலிருந்து ஆள்.
பூசணிக்காய் ஆள்.
அரை மூடை வெங்காயம் ஆள்.
மேல்வீட்டு ஃபைரூஸாவின் கொழுத்த பூனை
ஆளாவதற்கு இன்னும் முக்கால் கிலோ
தின்ன வேண்டும்.

பஞ்சிகாவத்தையில் ஃபஸ்லி
லாச்சியைக் கிளறி ஒரு நாக்கை எடுத்துத் தந்தான்.
பட்டியில்லாத பெல்ட்டின் நாக்கு, வெறும் இரும்பு.
செருகிவிட்டால் வாய் மூடும் என்றான்.
ஒரு நாக்கை அடக்க இன்னொரு நாக்கு,
எழுநூற்றைம்பது ரூபா.
உப்புக் காணாது, உப்புக் காணாது என்கிற
ஓடர்காரருக்குச் செருக ஒன்று வருமா என்றேன்.
சிரித்தான்.
ஐம்பது ரூபா குறைத்தான்.

நாலு நாள் அமைதி.
ஐந்தாம் நாள் பொறளையில்
ஒரு ஓட்டோ குறுக்கே பாய,
பிரேக் அடித்தேன்.
கிடாரம் எழுந்தது, யோசித்தது, கவிழ்ந்தது.
ரேடியோவின் துவாரமெல்லாம் மஞ்சள்.
ஒரு கிழமை கெப்புக்குள் வெந்தயம் மணத்தது.

அதனால் மாற்றினேன்:
உண்மையான பெல்ட் கிடாரத்துக்கு,
ஃபஸ்லியின் நாக்கு என் பக்கத்துக்கு.
எனக்குச் சேலைக் கொய்யகம் கசங்கும்,
சொதிக்கு அந்தக் கவலை இல்லை.

கொள்ளுப்பிட்டியில் மறித்த பொலிஸ்காரர்
கண்ணாடிக்குள் குனிந்தார்.
மார்புக்குக் குறுக்கே பட்டி பூட்டி,
தலையில் வெள்ளைத் துணி கட்டி,
நேரே வீதியைப் பார்த்தபடி கிடாரம்.
என்னைப் பார்த்தார்.
மறுபடி கிடாரத்தை.
"நோனா, இவங்க நல்ல ஆள்.
நீங்கதான் பிழை" என்றார், அவருக்குத் தெரிந்த தமிழில்.
எங்கே போகிறது?
கொட்டாஞ்சேனைக்கு. முப்பத்தொன்று.
பேனை கொஞ்சம் நின்றது.
தொப்பியைச் சரிசெய்தார்.
என்றாலும் துண்டைக் கிழித்துத்தான் தந்தார்.

அந்த வீட்டில் எல்லாரும் இருக்குமுன்
படத்துக்கு முன்னால் ஒரு இலை போட்டார்கள்.
சோறு, ஆறு கறி, பொரியல், அப்பளம்,
கடைசியாய் என் சொதியில் ஒரு அகப்பை.
பார்வையிலேயே நிறை சொல்லிப் பழகியவள் நான்.
அவ்வளவும் சேர்த்து
ஒரு கிலோ வராது.

பின்னேரம். கழுவிய கிடாரம் நாலரைக் கிலோ,
ஆள் இல்லை.
என் பெல்ட்டைப் போட்டிருந்தேன்,
கொய்யகம் கசங்கித்தான் போயிற்று.
காலி வீதியில், பம்பலப்பிட்டிச் சிவப்பு
எண்களை இறக்கிக்கொண்டிருந்தது,
எண்பத்தொன்று, எண்பது.
பட்டியைக் கழற்றிக் கிடாரத்தைக் கீழே இறக்கினேன்.
சீற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.
ஒன்றுமில்லை.
இன்னும் கொஞ்சம்.
முழங்கையைக் கொடுத்து, தோளைக் கொடுத்து,
சரிந்து,

டிங்.

பக்கத்து பஸ்ஸிலிருந்து ஒரு பிள்ளை
என்னையே பார்த்தது.
அறுபத்திரண்டு. அறுபத்தொன்று.
கையை எடுக்கவில்லை.