ஒற்றெழுத்து

மின்விசிறி இரைந்தது. அதனால் சரியாகக் கேட்கவில்லை
என்றுதான் இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கூண்டில் நின்றவள் பெயர் சுகிர்தமலர்.
சம்பூர். முப்பத்தொரு வயது. இரண்டு பிள்ளைகள்.
பொலிஸ் அறிக்கை சிங்களத்தில்.
அவளோ தமிழில், தன் செருப்புக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்:
கலைஞ்சது. அல்லது
கலைச்சது.

இடையில் ஒரேயொரு ஒற்று.
ஞ் என்றால் ஐயோ பாவம், பத்தியக்கறி,
பால்மாப் பெட்டியோடு வந்து குந்தும் அயல்.
ச் என்றால் முன்னூற்று மூன்றாம் பிரிவு,
மூன்று வருஷம்.
வெள்ளைக்காரன் எழுதிவைத்துப் போனது.
சீனன்குடாவில் அவன் கட்டிய எண்ணெய்க் குதங்கள்
பாதி துருவேறிவிட்டன.
இது இன்னும் பளபளப்பாய்த்தான் இருக்கிறது.

சிங்களத்திலும் அப்படித்தான்.
'வுணா' என்றால் நடந்தது. 'களா' என்றால் செய்தாள்.
இரண்டுக்கும் நடுவில் என் நாக்கு
பாதை மறந்த மாடுபோல நின்றது.

எனக்கும் ஒரு ஞ் உண்டு.
இருபதாம் கிழமை. ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில்.
பெயர் வைத்திருந்தேன், சொல்ல மாட்டேன்.
அடுத்த தை மாதம் கோணேசர் மலை உச்சி மரத்தில்
தொட்டில் கட்டினேன்.
எத்தனையோ தொட்டில்கள் அங்கே.
கடற்காற்று ஒன்றுவிடாமல் ஆட்டுகிறது.
எதற்குள்ளும் பாரமில்லை.

அதனால், அது வெறும் சதைதானே என்பவர்களோடு
என்னால் தேத்தண்ணி குடிக்க முடியாது.
சிசுக்கொலை என்று
சூரைமீன் குழம்பைப் பிசைந்தபடி சொன்ன
சட்டத்தரணியோடும்.

திரும்பச் சொல்லும், என்றேன் அவளிடம்.
வாய் சொன்னது அது. கண் சொன்னது வேறு:
ஞ் சொல்லு பிள்ளை. அது மெல்லினம்.
இந்தச் சுவர்களில் பட்டாலும் சத்தம் வராது.
ஞ் சொல்லிப்போட்டு வீட்டுக்குப் போ.

அவள் நிமிர்ந்தாள்.
"நான்தான் கலைச்சனான்.
தன்ரபாட்டில கலையேல்ல."

அவ்வளவு வல்லினத்தை
அந்த மண்டபத்தில் நான் கேட்டதே இல்லை.

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
இரண்டாவதைப் பெற்றபோது எவ்வளவு இரத்தம் போனது,
வீட்டில் எத்தனை கிலோ அரிசி,
அவன் எங்கே, அவன் எப்படி,
ஒன்றுமில்லை.
கேட்கப்படாத கேள்விக்குப் பதிலை மொழிபெயர்க்க
எனக்கு அதிகாரமும் இல்லை.
மாத்திரை விற்றது யார் என்று மட்டும் கேட்டார்கள்.
அதற்கு அவள் வாயே திறக்கவில்லை.

'களா', என்றேன்.
சரியான மொழிபெயர்ப்பு.
பதினேழு வருஷ சேவையில் ஒரு சொல்லும் பிழைக்கவில்லை,
கோப்பைப் பார்க்கலாம்.

பன்னிரண்டரைக்கு மன்று கலைந்தது.
(அது தானாகக் கலைந்ததா, யாரும் கலைத்தார்களா,
விசாரணை இல்லை.)

வெளியே மதிலோரம் ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த லஞ்ச் ஷீற்றை மென்றுகொண்டு நின்றது.
காவலாளி தடியால் கலைச்சான்.
எங்கள் ஊரில் துரத்துவதற்கும் இதே சொல்தான்.
பத்தடி போய்த் திரும்பி வந்தது.

மொழிபெயர்ப்பாளருக்கு அபிப்பிராயம் கூடாது.
ஆனால் இது மன்றில்லை, என் குசினி,
உலையில் அரிசி கொதிக்கிறது, சொல்கிறேன்:
என்னுடையது பிள்ளைதான்.
அவளுடையதும், இருக்கலாம்.
நானென்றால் செய்திருக்க மாட்டேன். அது நான்.
என் வயிற்றில் நின்றுகொண்டு
அவள் வயிற்றுக்குத் தீர்ப்புச் சொல்ல
நான் அறிந்த மூன்று மொழியிலும் எனக்கு வராது.
மூன்று வருஷத்தில் எந்தப் பிள்ளை உயிர்த்து வரும்
என்று கேட்டால் சட்டத்தரணி
கை கழுவப் போய்விடுகிறார்.

பின்னேரம் பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன்.
பிணை. கூட வந்தவர் யாருமில்லை.
மூதூர் வழி போகும் பஸ்ஸில்
இடம்பிடிக்க முண்டியடித்து ஏறினாள்.
கையில் கடதாசிப் பை, ஆறு பணிஸ்.

இரண்டு பிள்ளைகளுக்கு எதற்கு ஆறு
என்று எண்ணினேன்.
பிறகு
அதையும் கேட்காமல் விட்டேன்.