மூடி மட்டும்

தேர்வு மதியம் ஒரு மணிக்கு முடிந்துவிட்டது.
இருநூறு கேள்விகள். அதில் பதினேழுக்குக்
கண்ணை மூடிக்கொண்டு 'இ' போட்டேன்.
பல்லடம் போகும் வண்டி இரவு பத்தே காலுக்கு.

கையிருப்பு நானூற்றுப் பன்னிரண்டு.
திரும்பிப் போக இருநூற்று முப்பத்தைந்து;
அதை ஊக்கு குத்தி உள்ளே வைத்தாயிற்று,
அது இனி போக்குவரத்துக் கழகத்தின் பணம்.
வட்டிக்கு விட்டுக் கடல் தாண்டிய ஊரில்
மிச்சம் நூற்று எழுபத்தேழும் நானும்.

பக்கத்து பெஞ்சில் எழுதிய பிலோமினாதான் சொன்னாள்:
"டவுன் பஸ்ஸுல நமக்குக் காசு கிடையாதுல்ல.
ஏறு. அது எங்க போகுதோ அங்க போ."
ஓரியூரில் அவளுக்கு மாடு காத்திருந்தது. போய்விட்டாள்.

ஏறினேன்.
கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான்.
நடத்துநர் தந்த சீட்டில்
ரூ. 0.00 என்று அச்சாகியிருந்தது.
பூச்சியத்துக்கும் இரண்டு தசமம் போடுகிற நேர்மை
எனக்குப் பிடித்தது.
மடித்துப் பைக்குள் வைத்தேன்.

ஒரு வீடு.
இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது.
உள்ளே போக ஐம்பது, படமெடுக்க இன்னொரு நூறு.
வாசலில் நின்று பார்ப்பதற்கு விலை எழுதவில்லை,
பார்த்தேன்:
கதவுக்குள் கதவு, அதற்குள் கதவு,
சதுரமாய்க் கொஞ்சம் வெயில்,
மறுபடி கதவு,
கடைசியில் தபால்தலை அளவுக்குப் பின்தெரு.
அதில் ஓர் ஆடு.

சுற்றி நடந்தேன், பன்னிரண்டு நிமிடம்.
ஆடு அங்கேயேதான் நின்றது.
பின்வாசல் வழியே எட்டிப் பார்த்தால்
முன்வாசலில் காவலாளி, தீக்குச்சி உயரத்தில்.
கையைத் தூக்கினார்.
வா என்றாரா, போ என்றாரா,
அவ்வளவு தேக்கையும் தாண்டி
எதுவும் ஒழுங்காக வந்து சேரவில்லை.
ஆக, அந்த வீட்டின் இரண்டு நுனியும் பார்த்தாயிற்று.
நடுவை வசதியுள்ளவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

திரும்பும்போதும் அதே நடத்துநர்.
"யாரையும் தேடி வந்தியாம்மா?"
"இல்லண்ணே, சும்மா ஊர் பார்க்க."
அவர் சிரிக்கவில்லை.
இரண்டாவது பூச்சியத்தைக் கிழித்துக் கொடுத்தார்.

மெஸ் வாசலில் கல்பாசி மணம் வந்து
கையைப் பிடித்து இழுத்தது.
பலகையில் சாப்பாடு இருநூற்று இருபது.
உதறிக்கொண்டு நடந்தேன்.
தள்ளுவண்டியில் வெள்ளைப்பணியாரம் நாலு, இருபது ரூபாய்.
காரச் சட்னியை மூன்று முறை கேட்டு வாங்கியதில்
பசியை விட்டுவிட்டு வயிறு எரிச்சலைக் கவனிக்கப் போனது.

முனீஸ்வரன் கோயில் தெருவில்
ஜபருல்லாவின் பழம்பொருள் கடை.
தொடக் கூடாதவை மேலே,
தொட்டால் வாங்க வேண்டியவை கீழே.
அண்டாக்களில் யார் யாருடைய முதலெழுத்தோ.
ஒரு மூலையில் ஊதா நிற எனாமல் மூடி,
விளிம்பில் பொட்டளவு துரு.
"பாத்திரம் எங்கே?"
"பிரான்சுக்குப் போயிருச்சும்மா.
அந்தம்மா பெட்டியில மூடி அடங்கல."
"மூடி மட்டும்?"
"நூத்தம்பது."
என் பிளாஸ்டிக் உறைக்குள் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார்,
அதில் என் பழைய முகத்தையும்.
"தொண்ணூறு குடு."
எதற்கென்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் வைத்துவிட்டு வந்திருப்பேன்.

இரவு வண்டியில் ஊக்கை அவிழ்த்தேன்.
இந்தச் சீட்டில் பூச்சியத்துக்கு முன்னால் எண்கள் இருந்தன.

சிங்கம்புணரி தாண்டும்போது மழை.
என் இருக்கைக்கு நேர் மேலே கூரையில் ஓட்டை;
சொட்டு, சரியாக முழங்காலில்.
பக்கத்து அம்மா நகர்ந்து நகர்ந்து
இனி நகர இடமில்லாமல் தூங்கிவிட்டார்.
பையைத் துழாவி எடுத்து
மூடியைக் கவிழ்த்து மடியில் வைத்தேன்.
டிங்.
சற்று நேரம் ஒன்றுமில்லை.
டிங்.
பாத்திரத்தின் வேலை கிடைத்துவிட்டது மூடிக்கு.
எங்கள் இருவரில் அதற்குத்தான் முதலில்.

நத்தத்தில் வண்டி நின்றபோது
ஜன்னலைத் தூக்கி
ஊரின் மேல் ஊற்றினேன்,
மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன்.