பார்க்கவில்லை என்பதற்கான சைகை

ஈசூன் சமூக மன்றத்தில்
மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள்.
காற்று இந்த ஆட்டத்தில் மூன்றாவது ஆள்,
உள்ளே விடக்கூடாது.
எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கோடு.
நாற்பது மில்லிமீட்டர் அகலம்.
ஞாயிறு மாலை முழுக்க என் பொறுப்பு
அவ்வளவுதான்.

பூப்பந்து என்கிறோம், பூ எங்கே என்று
பயிற்சி வகுப்பில் கேட்டேன்.
பூனாவில் பிறந்ததால் இருக்கும் என்றார்
பக்கத்து இருக்கை டாக்சிக்காரர் தேவசகாயம்,
சிரிக்காமல்.
அங்கே வெள்ளைக்கார அதிகாரிகள்
காற்றடிக்கும் நாள்களில் கம்பளிப் பந்தால் ஆடினார்களாம்.
தஞ்சாவூர் அரண்மனையிலும்
ஒரு கம்பளிப் பந்து பறந்ததாம்.
பிறகு இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மாளிகை;
வீட்டின் பெயர் ஆட்டத்தில் ஒட்டிக்கொண்டது.
பெயர் ஓரிடம், பிறப்பு ஓரிடம்,
புழங்குவது வேறிடம்.
சிங்கப்பூரில் இதற்கெல்லாம்
யாரும் புருவம் உயர்த்துவதில்லை.

விதிப்புத்தகத்தில் எனக்குப் பிடித்தது வலை.
கம்பத்தருகே இருப்பதைவிட
நடுவில் ஏறக்குறைய ஓர் அங்குலம்
தாழ்ந்திருக்க வேண்டும்.
தொய்வுக்கும் அளவு எழுதி வைத்தவர்
வீட்டில் எப்படிப்பட்டவரோ.

மற்ற நாள்களில் நான்
ஜூரோங் கடைத்தொகுதியின் அடித்தளத்தில்.
பன்னிரண்டு திரைகள்.
பிப்ரவரியில் நான்காம் திரையில்
ஒரு தள்ளுவண்டி நகரும் படியில் சரிந்தபோது
ஏழாம் திரையில் இருந்தேன்.
குழந்தைக்கு ஒன்றுமில்லை.
எனக்குக் கடிதம் வந்தது:
‘பார்த்திருக்க வேண்டும்.’

இப்போது இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது.
முப்பதுதான் கூரை;
அதற்குமேல் இரண்டு புள்ளி வித்தியாசமெல்லாம் கேட்கமாட்டார்கள்.
ஹஸ்னுல் பேருந்து ஓட்டுகிறவர்,
எம்பி அடிக்கிறார்.
எதிரே கீ ஹொங், மீன் பண்ணைக்காரர்,
கையை நீட்டாமல் விட்டுவிடுகிறார்.

அடித்த அடியில்
பதினாறு இறகுகளில் ஒன்று கழன்றது.
வாத்தின் இறகு.
பந்து தன் வழியில் போக
அது அவசரமின்றி,
இடமும் வலமுமாக,
யாரும் அனுப்பாத ஒன்றாக இறங்கியது.
என் கண் அதனோடு போய்விட்டது.

தக்கை தரையில் பட்ட சத்தம்.
மண்டபம் முழுக்க என் முகத்தில்.

உள்ளே என்றால் வலக்கையால் கோட்டைக் காட்ட வேண்டும்.
வெளியே என்றால் இரு கைகளையும் விரித்துக் கத்த வேண்டும்.
மூன்றாவது ஒன்று உண்டு.
ஆறு ஆண்டுகளில் ஒருமுறையும் செய்ததில்லை.

இரண்டு உள்ளங்கைகளாலும்
கண்களை மூடிக்கொண்டேன்.

உள்ளே இருட்டு வெதுவெதுப்பாக இருந்தது.
கடிதம் இல்லை. விளக்கம் கேட்பார் இல்லை.
பார்க்கவில்லை என்று சொல்ல
சட்டமே ஒரு கைப்பழக்கம் வைத்திருக்கிறது.
உயர்ந்த நாற்காலியிலிருந்து திருவாட்டி ஓங்,
அவரும் பார்க்கவில்லை போலும்,
‘லெட்’ என்றார்.
நடந்தது நடக்கவில்லை.
மறுபடி போடு.

அடுத்த பந்து நன்றாகத் தெரிந்தது.
ஒரு சாண் வெளியே.
கைகளை விரித்துக் கத்தினேன்.
ஹஸ்னுல் தோற்றார்.
போகும்போது என் பக்கம் திரும்பவில்லை,
மட்டையை உறையில் போட
இரண்டு முறை முயன்றார்.

இறகை எடுத்து
அடையாள அட்டையின் பின்னால் செருகியிருக்கிறேன்.
திங்கள் காலை, நான்காம் திரையில்
கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது.
கைகள் தாமாக மேலே போயின,
மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து
கீழே வந்தன.